டைவிங் முடிந்த பிறகு தோள் குடைகிறதா? டிகம்ப்ரஷன் சிக்னஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்தமானின் ஹேவ்லாக், மாலத்தீவு, இலங்கையின் திருகோணமலை என்று ஸ்கூபா டைவிங்குக்காகவே விடுமுறை எடுத்துப் போகிற நம்மவர்கள் இப்போது நிறையப் பேர். ஆழத்திலிருந்து மேலே வரும்போது உடம்புக்குள் வாயுக் குமிழிகள் உண்டாவதால் வரும் டிகம்ப்ரஷன் சிக்னஸ் (சுருக்கமாக டிசிஎஸ்) பற்றிப் பயிற்சியில் எல்லாரும் படிக்கிறார்கள், தேர்விலும் சரியாக விடை எழுதுகிறார்கள். ஆனால் சாயங்காலம் ரிசார்ட் அறையில் தோள் குடையத் தொடங்கும்போது அந்தப் பாடம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. சிலிண்டர் தூக்கியதால் வந்த வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். அந்த ஒரு இரவு பல நேரம் விலை அதிகமான இரவாகிவிடுகிறது. அதனால்தான் இந்தக் கேள்வி பதில்.

அவசரத்தில் வந்திருப்பவர்களுக்கு முதலில்: கடந்த இரண்டு நாளுக்குள் டைவ் செய்திருக்கிறீர்கள், இப்போது கை கால் மரத்துப்போகிறது, பலம் இல்லை, தலை சுற்றுகிறது, மூச்சு திணறுகிறது, சிறுநீர் பிரியவில்லை என்றால் மீதியைப் பிறகு படியுங்கள். டைவ் சென்டரைக் கூப்பிட்டு ஆக்சிஜன் கேளுங்கள். இந்தியாவில் 112, இலங்கையில் 1990 ஆம்புலன்சுக்குச் சொல்லுங்கள்.

உடம்புக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 18 மீட்டரில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல 2.8 மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கச் சுவாசிக்க நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்து சேர்ந்துகொண்டே போகும். மெதுவாக மேலே வந்தால் அது நுரையீரல் வழியாகத் தானாக வெளியேறிவிடும். வேகமாக வந்தாலோ, அதிக நேரம் ஆழத்தில் இருந்துவிட்டு வந்தாலோ, கோலி சோடாவைத் திறந்ததும் பொங்குகிற மாதிரி உள்ளேயே குமிழியாகிவிடும்.

குமிழி ரத்தக் குழாயை அடைப்பதோடு விஷயம் முடிவதில்லை. குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கி, வீக்கத்தையும் ரத்தம் உறைவதையும் தூண்டிவிடுகிறது. குமிழி கரைந்த பிறகும் அந்தச் சேதம் தொடரலாம். தாமதம் ஏன் கெடுதல் என்பதற்குக் காரணம் இதுதான்.

என்னென்ன அறிகுறிகள் வரும்?

அடிக்கடி வருவது மூட்டு வலி, அதிலும் தோள், முழங்கை, முழங்கால். சுளுக்கு மாதிரி சுரீர் என்று இழுக்காது. உள்ளே ஆழத்தில் குடைச்சலாக இருக்கும், மணிக்கணக்கில் மெல்லக் கூடும். அதற்கு அடுத்தது மரத்துப்போவதும் எறும்பு ஊர்வதுபோன்ற உணர்ச்சியும். கை விரலிலோ, தொடையிலோ, பாதத்திலோ ஒரு திட்டாக இருக்கலாம்.

அப்புறம் அசதி. இதைத்தான் எல்லாரும் கோட்டைவிடுகிறார்கள். டைவ் செய்தால் களைப்பு வருவது இயல்பு, உண்மைதான். ஆனால் செய்த வேலைக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்கு, இரண்டு எளிய டைவுக்குப் பிறகு எழுந்து நிற்கவே முடியாத அளவுக்கு அடித்துப்போட்ட அசதி வந்தால் அது வேறு. அதோடு வேறு சின்ன அறிகுறியும் சேர்ந்திருந்தால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

தோலில் அரிப்பு வரலாம். வயிறு, மார்பு, தொடை, முதுகுப் பக்கங்களில் நீலமும் சிவப்புமாகப் பின்னிக்கிடக்கும் திட்டுகள் வந்தால் அதை அலர்ஜி என்று தள்ளாதீர்கள். தோலோடு நிற்காமல் நரம்பு மண்டலத்துக்கும் பிரச்சினை போயிருப்பதன் முன்னறிவிப்பாக அது இருக்கலாம்.

பயப்பட வேண்டிய வகை முதுகுத்தண்டைத் தாக்குவது. இடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குவதுபோல வலி, பிறகு கால் கனத்துப்போவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் முட்டிக்கொண்டு நின்றும் பிரியாமல் இருப்பது. உள்காதைத் தாக்கினால் அறையே சுழலும், வாந்தி வரும், காது மந்தமாகும். மூளை என்றால் பேச்சு குழறும், பார்வை மங்கும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும். நுரையீரலில் குமிழிகள் மொய்த்தால் நெஞ்சு எரிச்சல், வறட்டு இருமல், மூச்சுத் திணறல். இது அபூர்வம், ஆனால் உயிரைப் பறிக்கக்கூடியது.

எவ்வளவு நேரத்துக்குள் தெரியும்?

அமெரிக்கக் கடற்படையின் டைவிங் கையேடு தருகிற கணக்கு: அறிகுறி வந்தவர்களில் 42 சதவீதம் பேருக்கு மேலே வந்த 1 மணி நேரத்துக்குள், 60 சதவீதம் பேருக்கு 3 மணி நேரத்துக்குள், 83 சதவீதம் பேருக்கு 8 மணி நேரத்துக்குள், 98 சதவீதம் பேருக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடுகிறது. அதாவது காலையில் டைவ் முடித்தவருக்குப் படகிலேயே தெரியலாம், ராத்திரிச் சாப்பாட்டின்போதும் தெரியலாம். இடையில் விமானம் ஏறினாலோ மலை ஏறினாலோ இந்தக் கணக்கு செல்லாது. அப்போது இன்னும் தாமதமாகவும் வரும்.

கையில் கட்டிய டைவ் கம்ப்யூட்டர் ஒரு தடவைகூடக் கத்தவில்லையே. மேலே வரும் வழியில் சில நிமிடம் நிற்கும் சேஃப்டி ஸ்டாப்பும் செய்தேன். பிறகு எப்படி?

வரலாம். பொழுதுபோக்கு டைவர்களில் பாதிக்கப்படுகிற பலர் விதிகளுக்குள் டைவ் செய்தவர்கள்தான். படிப்படியாக மேலே வரும் முறையை 1908-இல் விஞ்ஞானி ஜே. எஸ். ஹால்டேன் பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆடுகளை வைத்துச் சோதித்து உருவாக்கினார். இன்றைய கம்ப்யூட்டர்கள் பல அந்தக் கணக்கின் வழிவந்தவை. ஆழத்தையும் நேரத்தையும் வைத்து ஒரு சராசரி உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் இருக்கும் என்று அவை கணிக்கின்றன. நீங்கள் முதல்நாள் தூங்கவில்லை, வாந்தி எடுத்து உடம்பு வறண்டிருக்கிறது, நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினீர்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. உங்கள் இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கும் நடுவே கருவிலிருந்தே மூடாத சின்னத் துளை இருப்பதும் தெரியாது. பெரியவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு அந்தத் துளை உண்டு. பெரும்பாலோருக்கு அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் நுரையீரல் வடிகட்ட வேண்டிய குமிழி அந்த வழியாக மூளைப் பக்கம் போய்விட வாய்ப்பு இருக்கிறது.

ஆகவே "கம்ப்யூட்டர் சரியாக இருந்தது, அதனால் இது டிசிஎஸ் இல்லை" என்று யார் சொன்னாலும், பல வருட அனுபவமுள்ள டைவ் மாஸ்டரே சொன்னாலும், ஏற்காதீர்கள்.

சாதாரண தசைப் பிடிப்பா, டிசிஎஸ்-ஸா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

சில தடயங்கள் உண்டு. தசைப் பிடிப்பு என்றால் அழுத்தினால் வலிக்கும், ஒரு பக்கம் அசைத்தால் கூடும், ஒரு வாட்டமாக வைத்தால் குறையும். டிசிஎஸ் மூட்டு வலி பெரும்பாலும் எப்படி வைத்தாலும் அப்படியே இருக்கும். அழுத்தினால் பெரிதாகக் கூடாது, வீக்கமோ சிவப்போ தெரியாது. படகு ஆட்டத்தால் வந்த குமட்டல் கரைக்கு வந்து கொஞ்ச நேரத்தில் தணியும். உள்காது டிசிஎஸ் தரையில் படுத்தாலும் சுழற்றும். ஜெல்லி மீன் பட்டிருந்தால் பட்ட இடத்தில் கோடுகோடாக எரியும், தண்ணீருக்குள்ளேயே தெரிந்திருக்கும்.

ஆனால் இந்தத் தடயங்களை வைத்து "இது டிசிஎஸ் இல்லை" என்று நீங்களே தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். சந்தேகத்தைக் கூட்டிக்கொள்ள இவை உதவும், குறைத்துக்கொள்ள உதவாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: டைவுக்கு முன்னால் இது இருந்ததா? இல்லை, இப்போது இருக்கிறது, தெளிவான வேறு காரணமும் இல்லை என்றால், மருத்துவர் மறுக்கும்வரை அது டிசிஎஸ்.

கூட வந்தவரை நானே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும், ஐந்து நிமிடம் போதும். முதலில் பேச்சுக் கொடுங்கள்: பெயர், இன்று என்ன கிழமை, எத்தனை டைவ் செய்தோம். பல் தெரியச் சிரிக்கச் சொல்லி முகம் இரண்டு பக்கமும் சமமாக அசைகிறதா என்று பாருங்கள். தலையை அசைக்காமல் உங்கள் விரலைக் கண்ணால் மட்டும் தொடரச் சொல்லுங்கள். கண் துடித்துத் துடித்து நகர்ந்தால் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டு விரல்களையும் அவருடைய இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இறுக்கச் சொல்லுங்கள். படுக்கவைத்து, பாதத்தில் உங்கள் கையை வைத்து, ஒவ்வொரு காலாலும் தள்ளச் சொல்லுங்கள். பலம் இரண்டு பக்கமும் ஒன்றா?

பிறகு அவர் கண்ணை மூடிக்கொள்ள, முகம், கை, வயிறு, தொடை, பாதம் என்று இரு பக்கமும் மெதுவாகத் தொட்டு வித்தியாசம் தெரிகிறதா என்று கேளுங்கள். ஆடை மறைத்த இடங்களில் தோல் எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். தலைசுற்றல் இல்லாவிட்டால் மட்டும், பக்கத்தில் பிடிக்க ஆள் வைத்துக்கொண்டு, காலைச் சேர்த்துக் கண்ணை மூடி நிற்கச் சொல்லலாம். கடைசியாகக் கூச்சப்படாமல் கேளுங்கள்: மேலே வந்த பிறகு சிறுநீர் போனீர்களா, சிரமமில்லாமல் போனதா?

பார்த்ததை நேரத்தோடு எழுதி வையுங்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தால் கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும். மருத்துவருக்கு அந்தக் காகிதம் மிகவும் பயன்படும். ஒன்று மட்டும்: சோதனைக்காக ஆக்சிஜனைத் தள்ளிப்போடக் கூடாது. சோதனையில் எல்லாம் சரியாக இருந்தாலும் புகார் இருக்கிறது என்றால் இருக்கிறதுதான்.

சந்தேகம் வந்தால் உடனே என்ன செய்ய வேண்டும்?

ஆக்சிஜன். அறைக்காற்றோடு கலந்து மூக்குக் குழாயில் மெல்ல விடுவது அல்ல, முடிந்தவரை 100 சதவீதம். மூச்சை இழுக்கும்போது மட்டும் வாயு வரும் டிமாண்ட் வால்வு மாஸ்க்கிலோ, பை வைத்த மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் வேகத்திலோ கொடுக்க வேண்டும். நைட்ரஜன் உடம்பை விட்டு வேகமாக வெளியேற இது உதவுகிறது. நல்ல டைவ் சென்டரில் படகிலேயே இந்தச் சிலிண்டர் இருக்கும். பதிவு செய்யும்போதே "ஆக்சிஜன் கிட் படகில் இருக்கிறதா, காட்டுங்கள்" என்று கேளுங்கள். அதைக் கேட்டு முகம் சுளிக்கிற சென்டரை விட்டுவிடுங்கள். அங்கே விலை குறைவாக இருந்தாலும் சரி.

சமதளமாகப் படுக்க வையுங்கள். தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்தும் பழைய முறை இப்போது கைவிடப்பட்டுவிட்டது. மயக்கமாக இருந்தால் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும். முழு நினைவோடு, வாந்தி இல்லாமல் இருந்தால் தண்ணீரோ ஓ.ஆர்.எஸ் கரைசலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். மது வேண்டாம். வலி மாத்திரையும் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம், அறிகுறியை அது மறைத்துவிடும். வெந்நீர்க் குளியல், அழுத்தித் தைலம் தேய்ப்பது, இரண்டையும் தவிருங்கள்.

மறுபடி தண்ணீருக்குள் இறங்கினால் குமிழி கரைந்துவிடும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வந்தவர் அதைச் செய்யவே கூடாது. நீருக்குள் கை கால் விழுந்துவிட்டாலோ நினைவு தப்பினாலோ காப்பாற்ற வழியில்லை.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டான் அமைப்பு 1980-இல் அமெரிக்காவில் தொடங்கியது. +1-919-684-9111 என்ற அதன் அவசர எண்ணில் டைவிங் மருத்துவம் தெரிந்தவர்கள் 24 மணி நேரமும் பேசுவார்கள். உறுப்பினராக இல்லாவிட்டாலும் ஆலோசனை கேட்கலாம்.

ஆக்சிஜன் வைத்ததும் வலி போய்விட்டது. இன்னும் மருத்துவமனைக்குப் போக வேண்டுமா?

வேண்டும். அரை மணி நேரத்தில் பளிச்சென்று சரியாகி, ஆக்சிஜனை எடுத்த சில மணி நேரத்தில் முன்பைவிட மோசமாகத் திரும்பி வருவது உண்டு. ஆக்சிஜனில் குறைந்தது என்பதே டிசிஎஸ் சந்தேகத்தைக் கூட்டுகிற விஷயம்.

அந்தமானில் இருக்கிறேன். எங்கே போவது? நேராகச் சென்னைக்குப் பறந்துவிடலாமா?

வழக்கமான விமானத்தில் பறக்கவே கூடாது. பயணிகள் விமானத்துக்குள் இருக்கிற அழுத்தம் சுமார் 1800 முதல் 2400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். குமிழிகள் அங்கே இன்னும் பெரிதாகும்.

முதலில் பக்கத்து மருத்துவமனை, கூடவே ஆக்சிஜன். ஹேவ்லாக் இப்போது சுவராஜ் தீவு. அங்கிருந்து, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேருக்குக் கப்பல் பிடித்தாக வேண்டும். உடம்பை மறுபடி அழுத்தத்தில் வைத்து ஆக்சிஜன் கொடுக்கும் அறையான ரீகம்ப்ரஷன் சேம்பர் அங்கே கடற்படையின் ஐ.என்.எச்.எஸ். தன்வந்திரி மருத்துவமனையில் இருக்கிறது. கடைசிக் கப்பல் போன பிறகு சொன்னால் ஏற்பாடு பல மடங்கு சிக்கலாகும். மதியம் வந்த சந்தேகத்தை மதியமே சொல்லுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஹெலிகாப்டரில் கொண்டுபோக நேர்ந்தால் 300 மீட்டருக்கு மேல் ஏறாமல் தாழ்வாகப் பறக்கச் சொல்வது வழக்கம். மாலத்தீவில் பண்டோஸ் தீவில் சேம்பர் உண்டு. எங்கே போனாலும் சேம்பர் இப்போது இயங்குகிறதா என்று டான் மூலமோ மருத்துவமனை மூலமோ முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அழகு நிலையங்களிலும் ஜிம்களிலும் வைக்கிற, காற்றடித்து ஊதும் மென்மையான "ஆக்சிஜன் சேம்பர்" இதற்கு உதவாது. அதன் அழுத்தம் 1.3 மடங்கு அளவுதான். டிசிஎஸ்-க்குப் பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்கக் கடற்படையின் ஆறாவது சிகிச்சை அட்டவணை 2.8 மடங்கு அழுத்தத்தில், அதாவது 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான நிலையில் தொடங்கி, 4 மணி 45 நிமிடம் நடக்கும். நடுநடுவே சாதாரணக் காற்றுக்கு இடைவேளை விடுவார்கள். முழுதாகச் சரியாகாவிட்டால் அடுத்தடுத்த நாளும் தொடரும்.

ஒரு நாள், இரண்டு நாள் தாண்டிவிட்டதே, இனிப் பயனில்லை என்று விட்டுவிடாதீர்கள். தாமதமான சிகிச்சையும் பலன் தருகிறது.

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் எவ்வளவு இடைவெளி?

மேலே வரும் வழியில் கட்டாயமாக நிற்க வேண்டிய டிகம்ப்ரஷன் நிறுத்தம் தேவைப்படாத ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம். ஒரு நாளில் பல டைவ், அல்லது தொடர்ந்து பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம். டிகம்ப்ரஷன் நிறுத்தம் தேவைப்பட்ட டைவ் என்றால் 18-ஐவிடக் கணிசமாக அதிகம். இவை குறைந்தபட்சம்தான். விடுமுறைக்குப் போகிறவர் 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நல்லது. கடைசி நாளை செல்லுலர் சிறையைப் பார்க்க ஒதுக்கிவிட்டால் போதும், இழப்பு ஒன்றுமில்லை.

நம் பக்கத்துப் பயணிகள் மறந்துவிடுவது மலையை. ராமேஸ்வரத்தில் டைவ் செய்துவிட்டு அன்றே கொடைக்கானல் ஏறுவதும், திருகோணமலையில் காலையில் இறங்கிவிட்டு மாலையில் நுவரெலியா போவதும் இதே ஆபத்துதான். கொடைக்கானல் 2100 மீட்டர், நுவரெலியா 1868 மீட்டர். இலங்கைச் சுற்றுலாத் திட்டங்களில் கடற்கரையும் தேயிலைத் தோட்டமும் அடுத்தடுத்த நாளாகவே வரும். பயணத்தைத் திருப்பிப் போடுங்கள்: மலை முதலில், கடல் பிறகு.

நான் செய்தது பயிற்சியாளரோடு பழகிப்பார்க்கும் ஒரே ஒரு டிரை டைவ். எனக்கும் வருமா?

ஆழம் குறைந்த, சின்ன டைவில் டிசிஎஸ் வருவது மிக அபூர்வம். ஆனால் வேறொரு ஆபத்து இருக்கிறது. சிலிண்டர் காற்றைச் சுவாசித்துவிட்டு, பயத்தில் மூச்சைப் பிடித்தபடி மேலே பாய்ந்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழிக்கும், அந்தக் காற்று ரத்தத்தில் கலந்து மூளைக்கும் போகலாம். அதற்கு 1.2 மீட்டர் ஆழமே போதும். மேலே வந்த சில நிமிடங்களுக்குள் நினைவு தப்புவது, வலிப்பு, ஒரு பக்கம் செயலிழப்பது, நெஞ்சு வலி, இருமலில் ரத்தம், குரல் மாறுவது என்று தெரியும். முதலுதவி அதேதான், அவசரம் இன்னும் அதிகம்.

நம் முத்துக்குளிப்பவர்கள் காலங்காலமாக இறங்கினார்களே, அவர்களுக்கு வரவில்லையா?

மூச்சடக்கி இறங்குபவர் ஒரு நெஞ்சு நிறையக் காற்றோடு போய் ஓரிரு நிமிடத்தில் வந்துவிடுவார். அதில் சேரும் நைட்ரஜன் குறைவு. ஆனாலும் இடைவெளி விடாமல் நாள் முழுக்க ஆழமாக இறங்கிய பசிபிக் தீவு முத்துக்குளிப்பவர்களிடையே மயக்கமும் முடக்கமும் பதிவாகியிருக்கின்றன. சங்கும் கடலட்டையும் எடுக்க கம்ப்ரஸர் காற்றோடும் சிலிண்டரோடும் மன்னார் வளைகுடாவின் இரு கரையிலும் மீனவர்கள் இறங்கத் தொடங்கியபோது நிலைமை முற்றிலும் மாறியது. கம்ப்யூட்டரும் இல்லாமல், பயிற்சியும் இல்லாமல், பிழைப்புக்காக ஒரு நாளில் பல தடவை இறங்கும் அவர்களில் கால் விழுந்துபோனவர்கள் உண்டு. நம் ஆர்வத்துக்காக இறங்கும் நாம் வசதியோடு இறங்குகிறோம். அவர்களுக்கும் ஆக்சிஜனும் சேம்பரும் எட்ட வேண்டும்.

அவசரப் பிரிவு மருத்துவருக்கு டைவிங் பற்றித் தெரியாவிட்டால்?

தெரியாமல் இருப்பது இயல்பு, நம் ஊர்களில் இது அபூர்வ நோய். உள்ளே போனதும் முதல் வாக்கியமே "நேற்றுவரை ஸ்கூபா டைவிங் செய்தேன், டிகம்ப்ரஷன் சிக்னஸ் சந்தேகம்" என்று இருக்கட்டும். எத்தனை நாள், எத்தனை டைவ், அதிக ஆழம், கடைசியாக மேலே வந்த நேரம், அறிகுறி தொடங்கிய நேரம், நடுவில் விமானமா என்று சொல்லுங்கள். டைவ் கம்ப்யூட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தால் டிசிஎஸ் இல்லை என்று ஆகிவிடாது. வரலாறும் உடல் பரிசோதனையும்தான் இதில் முக்கியம். டான் எண்ணை மருத்துவரிடம் கொடுத்து நேரடியாகப் பேசச் சொல்லலாம், தயங்காமல் பேசுவார்கள். வலிக்கு நைட்ரஸ் ஆக்சைடு கலந்த வாயு கொடுக்கப்போனால் மட்டும் உடனே நினைவூட்டுங்கள். அது குமிழிக்குள் புகுந்து அதைப் பெரிதாக்கும்.

சொன்னால் எல்லாருடைய டிரிப்பும் கெட்டுவிடுமே?

இந்தத் தயக்கம்தான் பெரும்பாலான தாமதங்களுக்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். தவறாக டைவ் செய்தவன் என்று நினைப்பார்களோ, நாளைய டைவுக்குக் கட்டிய பணம் போய்விடுமோ, நண்பர்கள் கேலி செய்வார்களோ என்று இரவு முழுக்க மரத்த காலோடு படுத்திருக்கிறார்கள். டிசிஎஸ் வருவது ஒழுக்கக் குறைவு அல்ல. நீங்கள் குழுவில் இருப்பவர் என்றால், கூட வந்தவர் வழக்கத்தைவிட அமைதியாகிவிட்டாலோ, இரவுச் சாப்பாட்டுக்கு வராமல் படுத்துவிட்டாலோ, கதவைத் தட்டி நேரடியாகக் கேளுங்கள். ஒன்றுமில்லை என்ற பதிலோடு திரும்பாமல் எழுந்து நடக்கச் சொல்லிப் பாருங்கள்.

வராமல் தடுக்க?

நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறாதீர்கள். 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள். கம்ப்யூட்டரின் எல்லையைத் தொடும்வரை ஆழத்தில் இருக்காதீர்கள். ஒவ்வொருவரும் தனிக் கம்ப்யூட்டர் கட்டுங்கள், நண்பருடையதைப் பார்த்து இறங்காதீர்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஐந்தாறு நாள் தொடர் டைவ் என்றால் நடுவில் ஒரு நாள் ஓய்வு. மட்டக்களப்புக்கு அப்பால் 1942-இல் மூழ்கிய ஹெர்மிஸ் போர்க்கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். அதற்கான தனிப் பயிற்சி இல்லாமல், யார் ஆசை காட்டினாலும் அங்கே இறங்காதீர்கள்.

குணமான பிறகு மறுபடி எப்போது டைவ் செய்யலாம்?

அந்த விடுமுறையில் இல்லை. மூட்டு வலி மட்டும் வந்து முழுதாகப் போனவர்களுக்கே வாரக்கணக்கில் ஓய்வு சொல்வார்கள். நரம்பு பாதித்திருந்தால் இன்னும் நீளும், சிலருக்கு டைவிங்கையே விடச் சொல்வார்கள். டைவிங் மருத்துவம் தெரிந்தவரிடம் பரிசோதித்து, தேவைப்பட்டால் இதயத்துளைக்கான எக்கோவும் எடுத்த பிறகு முடிவு செய்யுங்கள். வீடு திரும்பும் விமானத்துக்கும் சேம்பர் சிகிச்சை முடிந்து குறைந்தது 3 நாள் காத்திருக்கச் சொல்வது வழக்கம். மருத்துவர் அதைவிட அதிகம் சொன்னால் டிக்கெட்டை மாற்றிக்கொள்ளுங்கள்.